பாக்க வேணாம் கண்ணு, படிச்சுக் காட்டு

ரொம்ப நாளா ஒரு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டே கெடக்கு. இன்னிக்கு எழுதிடுறேன்.

யூடியூப்ல ஒரு தமிழ்ப் பாட்டு ஓடுது. எழுதுனவர் தமிழ்க் கவிஞர். பாடுறது தமிழ்ல. கேக்குறது நம்ம தெருப் புள்ளைங்க.

ஆனா கீழ ஓடுற வரி மட்டும் இங்கிலீஷ் எழுத்துல!

ஏங்க?

ஒண்ணு ரெண்டு இல்ல. லிரிக் வீடியோன்னு தேடுனா முக்காவாசி இப்படித்தான் வருது. எங்கிட்ட சாயங்காலம் படிக்க வர்ற நாலாங்கிளாஸ் பையன் ஒருத்தன், அந்தப் பாட்டை ஒரு சொல் தப்பாம பாடுவான். அதே பையன்கிட்ட ரெண்டாங்கிளாஸ் புக்கைக் குடுத்தா முதல் வரியிலேயே விரலை வெச்சுக்கிட்டு நிப்பான். அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச சொல்லுங்க, தெரிஞ்ச ராகத்தோட, அவன் கண்ணு முன்னாடியே ஓடுது. அதைத் தமிழ் எழுத்துல போட்டிருந்தா, படிக்கிறோம்னு தெரியாமலே தெனம் நூறு வரி படிச்சிருப்பான்.

இது என் கற்பனை இல்ல. ப்ரிஜ் கோத்தாரின்னு ஒருத்தர், அகமதாபாத் ஐ.ஐ.எம்.ல இருந்தவர், 1996-லேயே இதைச் சொன்னார். டி.வி.ல வர்ற சினிமாப் பாட்டுக்கு அதே மொழியில, அதே எழுத்துல வரி போடுங்க, பாக்குறவங்க தானா படிப்பாங்கன்னு. முதல்ல குஜராத்தி தூர்தர்ஷன்ல போட்டாங்க. அப்புறம் இந்தியில சித்ரஹார், ரங்கோலி. ஞாயித்துக்கெழமை காலையில ரங்கோலி பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், கீழ பாட்டு வரி வரும், பாடப் பாட சொல்லுங்க நிறம் மாறும். அலங்காரத்துக்குப் போட்டது இல்லங்க அது. எழுத்து தடுமாறுறவங்களுக்காகவே யோசிச்சுப் போட்டது.

அதுல எனக்கு ரொம்பப் புடிச்சது, யாரையும் 'நீ படிக்கத் தெரியாதவன்'னு தனியா உக்கார வெக்கல. எல்லாரும் பாட்டுதான் பாக்குறாங்க.

(பாட்டு வீடியோ பண்றவங்க யாராவது இதைப் படிச்சா, ஒரு வரி இங்கிலீஷ் எழுத்துல போட்டா கூடவே ஒரு வரி தமிழ் எழுத்துலயும் போடுங்க. கெஞ்சிக் கேக்குறேன்.)

சரி, நான் யாரு, எதுக்கு இதெல்லாம் பேசுறேன்னு புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிடுறேன்.

ஊரு வடலூர். வள்ளலார் ஊரு. கடலூர்லருந்து விருத்தாசலம் போற வழியில இருக்கு. ஒரு பக்கம் நெய்வேலி, இன்னொரு பக்கம் குறிஞ்சிப்பாடி. எங்க தெருவுல முந்திரித் தோப்பு வேலைக்குப் போறவங்க இருக்காங்க, தறிக்குப் போறவங்க இருக்காங்க, சுரங்கத்துல காண்ட்ராக்ட் வேலைக்குப் போறவங்க இருக்காங்க. பெத்தவங்க வீடு திரும்ப இருட்டிடும். புள்ளைங்களை ஆயாதான் பாத்துக்கும்.

கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடுனது 2020 மார்ச். ஒண்ணாவதுலருந்து எட்டாவது வரைக்கும் திரும்பத் தொறந்தது 2021 நவம்பர் 1. நடுவுல ஒண்ணரை வருஷத்துக்கு மேல! ஒண்ணாங்கிளாஸ்ல அ ஆ எழுத உக்காந்த புள்ளை, பள்ளிக்கூடத்தையே பாக்காம மூணாங்கிளாஸுக்கு வந்து நின்னுச்சு. அந்த வருஷம் அக்டோபர் 27-ல 'இல்லம் தேடிக் கல்வி' ஆரம்பிச்சாங்க. விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்துல முதலமைச்சர் தொடங்கி வெச்சார். அப்பதான் நானும் தன்னார்வலரா சேந்தேன். மாசம் ஆயிரம் ரூபா. சாயங்காலம் திண்ணையில பாய் விரிச்சா கிளாஸ்.

அந்தத் திட்டத்தைப் பத்தி ஆளாளுக்கு ஒரு கருத்து சொல்வாங்க. எனக்குத் தெரிஞ்ச நல்ல ஆதாரம் ஒண்ணு இருக்கு. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன்னு மூணு பொருளாதார ஆய்வாளருங்க தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல கிட்டத்தட்ட 19,000 புள்ளைங்களைத் தொடர்ந்து பாத்தாங்க. பள்ளிக்கூடம் தொறந்து ஆறு மாசத்துக்குள்ள, எழந்ததுல மூணுல ரெண்டு பங்கைப் புள்ளைங்க மீட்டுட்டாங்க. அந்த மீட்புல ஏறக்குறைய கால் பங்கு இந்தச் சாயங்காலத் திண்ணை கிளாஸால வந்ததுன்னு கணக்குப் போட்டுச் சொன்னாங்க.

படிச்சப்ப கண்ணு கலங்கிடுச்சு. தெருவுல பாய் விரிச்சதுக்கு இவ்ளோ பலன்!

ஆனா இன்னும் தடுமாறுற புள்ளைங்க இருக்காங்களே. புள்ளைங்க வாசிப்பைச் சோதிச்சுப் பாக்குற ஏசர் ஆய்வோட 2022 அறிக்கையில தமிழ்நாட்டுக் கிராமப்புறத்துல மூணாவது படிக்கிற புள்ளைங்கள்ல ரெண்டாங்கிளாஸ் பாடத்தை வாசிக்க முடிஞ்சவங்க நூத்துக்கு 4.8 பேர்தான். கொரோனாவுக்கு முன்னாடி, 2018-ல மட்டும் என்ன? 10.2. அப்பவும் நூத்துக்குத் தொண்ணூறு புள்ளைங்க தடுமாறிக்கிட்டுதான் இருந்தாங்க. கொரோனா தலையில எல்லாத்தையும் கட்ட முடியாது.

2022 ஜூன் 13-ல 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை. எந்த கிளாஸ்ல இருந்தாலும் புள்ளை எங்க நிக்குதோ அங்கருந்து புடிக்கணும். இது ரொம்ப சரியான யோசனைன்னு நான் நெனைக்கிறேன். அஞ்சாங்கிளாஸ் புள்ளை அரும்புல இருந்தா அரும்புலருந்துதான் ஏத்தணும். அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

இப்ப தொழில்நுட்பத்துக்கு வரேன்.

நம்ம ஆளுங்ககிட்ட தொழில்நுட்பம்னு சொன்னா ஒடனே வீடியோதான் ஞாபகத்துக்கு வரும். 2018-ல பாடப் புத்தகத்துல க்யூ.ஆர். கோடு வந்துச்சு. 2019 ஆகஸ்ட்ல கல்வித் தொலைக்காட்சி. 2023-ல மணற்கேணி செயலி. எல்லாம் நல்ல முயற்சிதான். மணற்கேணியில அறிவியல் வீடியோவைப் பாத்துட்டு எங்க தெரு ஏழாங்கிளாஸ் பொண்ணு செல் பிரிவைத் திண்ணையில சாக்பீஸால வரைஞ்சே காட்டுச்சு. எனக்கே அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

ஆனா எழுத்துக் கூட்டத் தெரியாத புள்ளைக்கு வீடியோ?

வெச்சுப் பாத்தேன். எழுத்து ஒவ்வொண்ணா மின்னி மின்னி வருது, பின்னாடி பாட்டு, ஒரு யானை ஆடுது. புள்ளைங்க யானையைப் பாத்தாங்க. முடிஞ்சதும் "அக்கா, இன்னொருக்கா"ன்னாங்க. இன்னொருக்கா போட்டேன். யானையையே பாத்தாங்க. 'யா' எங்கடான்னு கேட்டா யானையைக் காட்டுறாங்க.

புள்ளை மேல தப்பே இல்ல. ஆடுற யானையை விட்டுட்டு எழுத்தை யாரு பாப்பா?

வீடியோவுல வேலை செய்யறது வீடியோதான். புள்ளை சும்மா உக்காந்திருக்கு. வாசிக்கிறதுன்னா வாயும் காதும் விரலும் கண்ணும் ஒண்ணா வேலை செய்யணும். தடுமாறுற புள்ளைக்கு நான் ஒரு கருவியைக் குடுக்குறதுக்கு முன்னாடி இப்ப ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்: இது புள்ளையைப் பேச வெக்குதா, இல்ல வாயை மூட வெக்குதா?

தமிழ் வாசிக்கிறது சுலபம், எழுத்தைக் கத்துக்கிட்டா போதும்னு பெரியவங்க சொல்வாங்க. படிச்சு முடிச்சவங்களுக்கு அப்படித்தான் தோணும். 247 எழுத்துன்னு பயமுறுத்த வேணாம், அடையாளங்க கம்மிதான். ஆனா ஒரு ஆறு வயசுப் புள்ளையோட கண்ணுல கொஞ்சம் பாருங்க.

'தொட்டி'ன்னு இருக்கு. இடதுபக்கம் முதல்ல நிக்கிறது ஒரு கொம்பு. அதுக்குச் சத்தமே இல்ல. அடுத்தது த. அதுக்கு அடுத்தது கால். இந்த மூணையும் ஒண்ணாச் சேத்துப் பாத்தாதான் 'தொ'. வரிசையா வாசிச்சிட்டு வர்ற புள்ளை 'தெ...'ன்னு ஆரம்பிச்சு, காலைப் பாத்ததும் 'ஆ'ன்னு நீட்டும். சரியாத்தான் யோசிக்குது! எழுத்துதான் அப்படி அமைஞ்சிருக்கு.

உகரம் இருக்கே. கு, மு ஒரு மாதிரி. சு, பு வேற மாதிரி. து, நு இன்னொரு மாதிரி. ஒரே சத்தம், அடையாளம் மட்டும் எழுத்துக்கு எழுத்து மாறுது.

அப்புறம் 'பம்பரம்'. ரெண்டு ப இருக்கு. ஒரே எழுத்து. ஆனா நம்ம வாயில ரெண்டும் ஒரே சத்தமா வருதா? சொல்லிப் பாருங்க. நமக்கு யோசிக்காமலே வருது. எழுத்துக் கூட்டுற புள்ளைக்கு, அந்தச் சொல்லை முன்னாடியே காதால கேட்டிருந்தாத்தான் வரும்.

இதுக்கு மேல எங்க பக்கத்துப் பேச்சு. வாழைப்பழம் எங்க தெருவுல 'வாயப்பயம்'. கெழங்கு 'கெயங்கு'. புள்ளை 'பழம்'னு இருக்குறதைப் பாத்து, ஒவ்வொரு எழுத்தையும் சரியாப் புரிஞ்சுக்கிட்டு, 'பயம்'னு வாசிக்கும். அது வாசிச்சிருச்சுங்க! வாய்தான் வீட்டு வாய். அங்க "தப்பு"ன்னு சொன்னா அந்தப் புள்ளை அடுத்த சொல்லுக்கு வாயைத் தொறக்காது. இதை நான் நேர்ல பாத்திருக்கேன்.

இப்ப புரியுதா, ஏன் காதுதான் முக்கியம்னு சொல்றேன்னு? புள்ளை எங்க தடுமாறுதுன்னு யாராவது கிட்ட உக்காந்து கேட்டாதான் தெரியும். முப்பது புள்ளைங்க இருக்குற வகுப்புல ஒரு டீச்சர் தெனம் ஒவ்வொரு புள்ளைகிட்டயும் எவ்ளோ நேரம் கேக்க முடியும்? அதுலயும் ரெண்டு மூணு வகுப்பு ஒரே அறையில இருந்தா?

இந்த எடத்துலதான் ஃபோன் எனக்கு உதவுச்சு.

2022 ஜூன் 1 முதல் 12 வரைக்கும் இல்லம் தேடிக் கல்வியில ஒரு வாசிப்பு மாரத்தான் நடத்துனாங்க. கூகுள் ரீட் அலாங் செயலியில. பெத்தவங்க ஃபோனை எடுத்து புள்ளைங்க கதையைச் சத்தமா வாசிக்கணும். தியான்னு ஒரு பொண்ணு திரையில இருக்கும், அது கேக்கும். சரியா வாசிச்சா நட்சத்திரம். ஒரு சொல்லுல நின்னுட்டா, அந்தச் சொல்லைத் தொட்டா தியா சொல்லிக் காட்டும். கதையை ஒரு தடவை எறக்கி வெச்சிட்டா நெட் இல்லாமலும் ஓடும் (எங்க தெருவுல இது பெரிய விஷயம்). மாநிலம் முழுக்க 18 லட்சம் புள்ளைங்களுக்கு மேல கலந்துக்கிட்டாங்க. மொத்தமா 260 கோடி சொல்லுக்கு மேல வாசிச்சாங்க.

கோடின்னு கேட்டா தலை சுத்தும். வகுத்துப் பாத்தா ஒரு புள்ளைக்குச் சராசரியா 1,400 சொல்லு. பன்னெண்டு நாளைக்கு அது பெருசு இல்லன்னு நீங்க சொல்லலாம். எங்க தெருவுல அந்த மாசத்துக்கு முன்னாடி வீட்டுல ஒரு சொல்லு கூட சத்தமா வாசிக்காத புள்ளைங்க இருந்தாங்க. அவங்களுக்கு அது பெருசுதான்.

நான் அப்பக் கவனிச்ச முக்கியமான விஷயம் வெக்கம். ஒரு மூணாங்கிளாஸ் பொண்ணு, எங்கிட்ட வாசிக்கச் சொன்னா தலையைக் குனிஞ்சுக்கும். தம்பி பக்கத்துல இருந்தா இன்னும் மோசம், அவன் முந்திக்கிட்டுச் சொல்லிடுவான். ஆனா ஃபோனை எடுத்துக்கிட்டு தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போய் உக்காந்து வாசிக்குது. சொல்லு வரலைன்னா திரும்ப. வரலைன்னா மறுபடியும். தியா ஒரு தடவை கூட 'ச்சே, இது கூடத் தெரியலையா'ன்னு கேக்கல. நட்சத்திரத்துக்கு ஆசைப்பட்டு வாசிக்கிறதா நான் மொதல்ல நெனைக்கல, இப்பவும் நெனைக்கல. யாரும் அவசரப்படுத்தலை, அதான்.

கொறையும் உண்டு. தெருவுல சத்தம் இருந்தா ஃபோனுக்குக் கேக்காது. நாலு புள்ளைங்க பக்கத்துப் பக்கத்துல உக்காந்து வாசிச்சா ஒருத்தன் வாசிச்சதுக்கு இன்னொருத்தன் ஃபோன் பதில் சொல்லும். வீட்டுப் பேச்சுல வர்ற சில சொல்லை ஏத்துக்கும், சிலதை ஏத்துக்காது. கொஞ்ச நாள்ல புள்ளைங்க தந்திரமும் கண்டுபுடிச்சாங்க, எல்லாச் சொல்லையும் தொட்டுத் தொட்டுக் கேட்டுட்டு அப்படியே திருப்பிச் சொல்றது! (அதுவும் ஒரு வகையில கேட்டுப் படிக்கிறதுதான், நான் திட்டல.)

முக்கியமா, எந்த எடத்துல தடுமாறுதுன்னு செயலி எங்கிட்ட சொல்லாது. கொம்புலயா, உகரத்துலயா, இல்ல அந்தச் சொல்லே புதுசா? அதை நான்தான் கேட்டுக் கண்டுபுடிக்கணும். அதனால ரெக்கார்டருக்கு மாறுனேன்.

ஆமாங்க, ஃபோன்லயே இருக்குற சாதாரண குரல் பதிவு. காசு கெடையாது, நெட் வேணாம். ஒவ்வொரு புள்ளையும் முதல்ல பேரு, தேதி சொல்லணும். அப்புறம் ஒரு பத்தி வாசிக்கணும். அவ்ளோதான். ராத்திரி சோறு பொங்குறப்ப கேப்பேன். புள்ளை எதிர்ல இல்லாததால எனக்கும் பதட்டம் இல்ல, நடுவுல குறுக்கிட முடியாது, முழுசாக் கேட்டே ஆகணும். அப்பதான் தெரியுது, இவன் எல்லாத்துலயும் தடுமாறல, 'ணை', 'லை', 'னை' வர்ற எடத்துல மட்டும்தான் நிக்கிறான். இவ எழுத்தெல்லாம் சரியா வாசிக்கிறா, ஆனா சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுல மூச்சு விட்டுடுறா, அதான் அர்த்தம் புரியல. ஒவ்வொருத்தருக்கும் மறுநாள் வேற வேற அட்டை எழுதுனேன்.

ஒரு மாசம் கழிச்சு அதே பத்தியைத் திரும்ப வாசிக்க வெச்சு, பழசையும் புதுசையும் புள்ளைக்கே போட்டுக் காட்டுவேன்.

"அக்கா, இது நானா?"

இந்தக் கேள்விக்காகவே இன்னும் பத்து வருஷம் திண்ணையில உக்காரலாம்.

(ஒண்ணு சொல்லிடுறேன். புள்ளைங்க குரலை ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, குரூப்ல அனுப்பாதீங்க. தடுமாறி வாசிக்கிற குரல் அந்தப் புள்ளைக்கும் அதோட அம்மாவுக்கும் மட்டும்தான் சொந்தம்.)

இதை விடப் பெரிய சந்தோஷம் வேற ஒண்ணுல கெடைச்சுது. கூகுள் கீபோர்டுல மைக்கைத் தொட்டுட்டுப் பேசுனா தமிழ்ல எழுதும். 2017-லருந்தே தமிழுக்கு இருக்கு. நான் புள்ளைங்களை அவங்க வீட்டுக் கதையைச் சொல்லச் சொன்னேன். அவங்க பேசப் பேச எழுத்து திரையில விழுது. வாயிலருந்து வந்தது எழுத்தா மாறுறதைப் பாக்குறப்ப அந்தக் கண்ணு விரியுமே, அதை எந்த அனிமேஷனும் குடுக்காது.

ஆனா ஃபோன் தப்பா எழுதும். நெறைய. வீட்டுத் தமிழ்ல வேகமாப் பேசுனா அதுக்குப் புரியாது. ஒரு பையன் முந்திரிக்கொட்டை உடைக்கிறப்ப அவங்கம்மா கையில பால் பட்டுப் புண்ணானதைச் சொன்னான். ஃபோன் என்னமோ எழுதுச்சு. அவன் திரையை உத்துப் பாத்துட்டு, "அக்கா, இது நான் சொன்னது இல்ல"ன்னான்.

எங்கடா இல்லன்னு கேட்டேன்.

விரலை வெச்சுத் தேடுனான். ஒரு சொல்லு, அடுத்த சொல்லு. "இங்க." நிறுத்தி எழுத்துக் கூட்டிப் பாத்து, "கொட்டைன்னு சொன்னேன், இது கோட்டைன்னு எழுதியிருக்கு."

கொ, கோ! எத்தனையோ தடவை நானும் பள்ளிக்கூடமும் சொல்லிக் குடுத்து நிக்காத வித்தியாசம். அன்னிக்கு அவனே ஃபோனுக்குச் சொல்லிக் குடுத்தான். அன்னையிலருந்து எங்க கிளாஸ்ல அதான் பெரிய விளையாட்டு. ஃபோன் எழுதும், புள்ளைங்க திருத்துவாங்க. எப்பவும் திருத்தம் வாங்கியே பழகுன புள்ளை, திருத்துற எடத்துல உக்காருது. நிமிர்ந்து உக்காருது.

திருத்துனதை நோட்டுல பெருசா எழுதுவாங்க. சிலதைப் பிரிண்ட் எடுத்து தைச்சு வெச்சிருக்கேன். அவங்க சொன்ன கதைங்கிறதால அடுத்த சொல்லு என்னன்னு அவங்களுக்கே தெரியும், அதனால தைரியமா வாசிக்கிறாங்க. ஒருத்தன் கதையை இன்னொருத்தன் வாசிக்கிறப்பதான் உண்மையான வாசிப்பு ஆரம்பிக்குது. தைப்பூசத்துக்கு வள்ளலார் சபையில ஏழு திரை விலகி ஜோதி பாத்தது, தர்மசாலையில சாப்பாட்டுக்கு வரிசையில நின்னது, அப்பா வேலை செய்யற சுரங்கத்தோட சத்தம், எல்லாம் கதைதான். இந்தச் சொல்லுங்க எந்தப் பாடப் புத்தகத்துலயும் ஒண்ணா வராது.

ஆயாங்களைப் பத்திச் சொல்லணும்.

சுகதா மித்ரான்னு ஒருத்தர். டெல்லியில சுவத்துல ஓட்டை போட்டு கம்ப்யூட்டர் வெச்சு, குடிசைப் பகுதிப் புள்ளைங்க தானா கத்துக்குறாங்களான்னு பாத்தவர். அது 1999. அப்புறம் நம்ம பக்கம் காளிக்குப்பம்னு ஒரு தமிழ்க் கிராமத்துல 26 புள்ளைங்ககிட்ட கம்ப்யூட்டர்ல உயிரித் தொழில்நுட்பப் பாடத்தை இங்கிலீஷ்ல போட்டுக் குடுத்துட்டு வந்துட்டார். தாங்களா முட்டி மோதி நூத்துக்கு முப்பது வரைக்கும் வாங்குனாங்க. அதுக்கு மேல ஏத்த, அந்த ஊர்ல வேலை பாத்த 22 வயசுப் பொண்ணு ஒருத்தரைக் கூப்புட்டார். அந்தப் பொண்ணுக்கும் அந்தப் பாடம் தெரியாது. பாட்டிங்க மாதிரி பின்னாடி நின்னு, 'அட, இது எப்படி, இன்னொருக்கா காட்டு'ன்னு கேட்டா போதும்னார். மதிப்பெண் ஐம்பதுக்குப் போச்சு.

அவர் ஆராய்ச்சியில சொல்ற எல்லாத்தையும் நான் ஏத்துக்க மாட்டேன். கம்ப்யூட்டரை வெச்சிட்டா டீச்சர் வேணாம்னு யாராவது அதைத் திரிச்சுச் சொன்னா சண்டைக்கே போவேன். ஆனா அந்த 'பின்னாடி நிக்கிற ஆள்' விஷயம் சத்தியமான உண்மை. எங்க தெருவுல வாசிக்கவே தெரியாத ஆயாங்க இருக்காங்க. புள்ளை ஃபோன்ல வாசிக்கிறப்ப பக்கத்துல உக்காருங்க ஆயா, கதையை மட்டும் கேளுங்கன்னு சொன்னேன்.

"எனக்கு என்னா பாப்பா தெரியும், நான் கைநாட்டு"ன்னாங்க ஒருத்தங்க.

"தெரிய வேணாம் ஆயா. அப்புறம் என்னா ஆச்சுன்னு மட்டும் கேளுங்க."

அந்தப் பேரன் இப்ப ஆயாவுக்காகவே வாசிக்கிறான். அவங்களுக்குக் கதை பாதியில நின்னா புடிக்காது. "ஏன்டா நிறுத்துன, நரி என்னா பண்ணுச்சு?" இதுக்கு மேல ஒரு வாசிப்புப் பயிற்சி இருக்குமா? வள்ளலார் இதே ஊர்ல வயசு வித்தியாசம் பாக்காம எல்லாருக்கும் பாடசாலை நடத்துனவர். பேரனும் ஆயாவும் ஒரே பாய்ல உக்காந்திருக்குறதை அவர் பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்னு எனக்குத் தோணும்.

தொழில்நுட்பம்னா கரண்ட்டுல ஓடுறது மட்டும்தான்னும் இல்ல. நம்ம மாநிலத்துல 2003-ல சென்னை மாநகராட்சியோட 13 பள்ளிக்கூடத்துல எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். ஆணையரா இருந்தப்ப செயல்வழிக் கற்றல் ஆரம்பிச்சாங்க. ரிஷி வேலி பள்ளிக்கூடத்தைப் பாத்துட்டு வந்து பண்ணது. அட்டைங்க, ஒவ்வொரு அட்டையிலயும் ஒரு சின்னம், ஏறிப் போறதுக்கு ஏணிப்படி, புள்ளை உயரத்துக்குக் கரும்பலகை, தலைக்கு மேல கம்பிப் பந்தல்ல புள்ளைங்க வரைஞ்சது எழுதுனது தொங்கும். அப்புறம் மாநிலம் முழுக்க வந்துச்சு. டீச்சர் நாற்காலியை விட்டுட்டு பாய்ல வந்து உக்காந்தாங்க. எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பெருசு. ஏன்னா பாய்ல உக்காந்தாதான் புள்ளை வாய் கிட்ட காது வரும்.

இப்ப தொடக்கப் பள்ளி டீச்சர்களுக்கு டேப்லட் குடுத்திருக்காங்க, ஸ்மார்ட் வகுப்பறை வந்துக்கிட்டு இருக்கு. சந்தோஷம். கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கும் பெரிய திரை வேணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அந்த டேப்லட்ல டீச்சர் என்ன பண்றாங்கங்கிறதுதான் கேள்வி. புள்ளை குரலைப் பதிவு பண்ணிக் கேக்குறாங்களா, இல்ல விவரம் ஏத்துறதுலயே நேரம் போகுதா? ஆன்லைன் மதிப்பீடு, பதிவேடுன்னு செயலி வேலை பாடம் நடத்துற நேரத்தைத் தின்னுதுன்னு ஆசிரியர் சங்கங்க பல தடவை சொல்லியிருக்காங்க. அவங்க சொல்றதுல ஞாயம் இருக்கு. புள்ளை வாசிக்கிறதைக் கேக்க வேண்டிய காதை, நெட் எப்ப வரும்னு காத்திருக்க வெக்கக் கூடாது.

இன்னொண்ணு. செயலிக்குப் போறதுக்கு முன்னாடி கண்ணைப் பாருங்க. புக்கை மூக்கு கிட்ட கொண்டு போற புள்ளைக்கு ரீட் அலாங் என்ன பண்ணும்? பள்ளிக்கூடத்துல கண் பரிசோதனை பண்ணி, வேணும்னா இலவசமாவே கண்ணாடி தருவாங்க, 'கண்ணொளி காப்போம்' திட்டத்துல. காதும் அப்படித்தான். எல்லாம் சரியா இருந்து, எவ்ளோ சொல்லிக் குடுத்தும் எழுத்து நிக்கலைன்னா டிஸ்லெக்ஸியாவா இருக்கலாம். அது மந்தம் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல கற்றல் குறைபாட்டையும் சேத்திருக்காங்க. டீச்சர்கிட்ட சொல்லி சிறப்பாசிரியரைப் பாக்கச் சொல்லுங்க. தயவுசெஞ்சு அடிக்காதீங்க.

போன வாரம் ஒரு அம்மா கேட்டாங்க, "பையன் படிக்கவே மாட்றான், எந்த டேப் வாங்கலாம் அக்கா?" சீட்டு எடுத்த காசைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

வாங்காதம்மான்னு சொன்னேன். உன் ஃபோன்லயே ரெக்கார்டர் இருக்கு. இன்னிக்கு ராத்திரி ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லு. அவன் நிறுத்துற எடத்துல நீ சொல்லிடாத, கொஞ்ச நேரம் பொறு. வரலைன்னா அப்புறம் சொல்லு. முன்னாடி தேதி சொல்லச் சொல்லு, அழிச்சிடாத. அடுத்த மாசம் அதே பக்கத்தை எடு. அந்தக் காசுல அவனுக்கு ரெண்டு கதைப் புக்கு வாங்கு, பெரிய எழுத்தா பாத்து.